‘மக்காவ் பெட்டி’ என்று விற்கப்படும் கிளிப்பெட்டி: இரண்டு பருவங்கள் பார்த்த பிறகு

கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளொதுங்கியிருக்கும் தச்சுப் பட்டறை ஒன்றில், கதவு, யன்னல், கட்டில் ஆகியவற்றுடன் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்கான மரப்பெட்டிகளும் இப்போது செய்து விற்கிறார்கள். 2023 ஐப்பசியில் அங்கே மூன்று பெட்டிகள் வாங்கினேன். சிறியவை இரண்டு, ஒவ்வொன்றும் 4,500 ரூபாய். பட்டறையில் ‘மக்காவ் பெட்டி’ என்று சொல்லப்படும் பெரியது ஒன்று, 11,000 ரூபாய்; மக்காவ் என்பது அமெரிக்கக் கண்டத்துப் பெருங்கிளி. வாங்கிய கையோடு எழுதாமல் இரண்டு பருவங்கள் காத்திருந்தேன். கூட்டுப் பெட்டி நல்லதா கெட்டதா என்பதை வாங்கியவன் சொல்லிப் பயனில்லை, அதற்குள் போய்ப் படுக்கிற பறவைதான் சொல்ல வேண்டும்.

என் காணி விசுவமடுப் பக்கம். மீளக் குடியேறி வந்தபோது எல்லையோரமாகப் பதினொரு பனைகள் வட்டில்லாமல் நின்றன. எறிகணையில் தலை போன பனை உடனே விழுவதில்லை. மேலிருந்து மழைநீர் இறங்கி, உள்ளிருக்கும் மென்மையான பகுதி முதலில் உக்கி, வெளிப்புற வைரம் மட்டும் குழாய் போல் எஞ்சி, அது பல ஆண்டுகள் நின்றுகொண்டேயிருக்கும். அந்தக் குழாய்களுக்குள்தான் தை பிறந்ததும் பச்சைக்கிளிகள் சோடி சோடியாக வந்து இறங்கும். சில மாரிகளில் ஒன்றோ இரண்டோ சாய்ந்து, இப்போது நான்கு பனைகளே மிச்சம். கிளிகள் குறையவில்லை, பொந்துகள் குறைந்துவிட்டன. ஒரே பொந்துக்கு மூன்று சோடிகள் சண்டை பிடித்து, பனையடியில் இரண்டு வெள்ளை முட்டைகள் உடைந்து எறும்பு மொய்த்துக் கிடந்ததைக் கண்ட பிறகுதான் பெட்டி தேடத் தொடங்கினேன். பெயரிலேயே கிளியைக் கொண்ட ஊருக்குக் கிளிக்கு வீடு வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சிரித்தார்கள்.

பட்டறையை நடத்துபவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். இந்தப் பெட்டிகளை அவர் முதலில் செய்தது காட்டுப் பறவைகளுக்காக அல்ல. வவுனியாவிலும் அதற்குத் தெற்கேயும் வெளிநாட்டுக் கிளிகளைக் கம்பிக் கூட்டில் வைத்து இனம்பெருக்குகிறவர்கள் கேட்டதற்காக. பெரிய பெட்டிக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதும் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். உயர்ந்த மரமொன்றில் கட்டப்பட்ட பெட்டியின் வாசலில் முழு நீல நிறத்தில் ஒரு பெருங்கிளி இருந்தது. “பிரேசில் காட்டிலை கட்டுற பெட்டிதான் ஐயா இது, அளவு மாறேல்லை. கிளி வராட்டில் கொண்டுவாங்கோ, காசைத் திருப்பித் தாறன்” என்றார். இந்த உத்தரவாதத்துக்குப் பின்னர் வருவேன்.

அவர் காட்டிய படத்திலிருந்தது ஹயசிந்த் மக்காவ். அலகிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுள்ள, பறக்கும் கிளிகளில் மிக நீளமான இனம். நம்மவர்கள் பஞ்சவர்ணக்கிளி என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிடும் இனங்களில் இதுவும் ஒன்று, உடலில் நீலமும் கண்ணோரத்தில் மஞ்சளும் மட்டுமே இருந்தாலும். 1980களில் இவை ஏறத்தாழ 10,000 பிடிக்கப்பட்டு விற்கப்பட்டன என்றும், அந்தப் பத்தாண்டின் முடிவில் காட்டில் எஞ்சியவை ஏறத்தாழ 3,000 மட்டுமே என்றும் மதிப்பிடப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் 1987 இல் இது சேர்க்கப்பட்டது. பிரேசிலின் பந்தனால் ஈரநிலத்தில் நெய்வா கெதெஸ் என்ற உயிரியலாளர் 1990 இல் இந்த இனத்துக்கெனத் தொடங்கிய திட்டத்தில்தான் கூட்டுப் பெட்டி ஒரு கருவியாகப் பெரும் அளவில் பயன்பட்டது. பட்டறைத் தம்பி தன் பெட்டிக்கு உரிமை கொண்டாடிய வம்சம் அது. எனவே அந்த வம்சத்தின் அளவுகோலையே எடுத்து இந்தப் பெட்டியையும் அளந்தேன்.

பந்தனாலில் அந்தக் கிளி பெரும்பாலும் மந்துவி என்ற ஒரே வகை மரத்திலேயே கூடு வைக்கிறது. அங்குள்ள கூடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதில்தான். மந்துவியின் உட்கட்டை மென்மையானது, எளிதில் பொந்து விழும். ஆனால் ஒரு மீற்றர்ப் பறவை உட்காரக்கூடிய பொந்து விழுவதற்கு மரம் குறைந்தது அறுபது ஆண்டு நிற்க வேண்டும். மேய்ச்சலுக்காகக் காடு வெட்டப்படும் நிலத்தில் அறுபது வயது மரம் எத்தனை மிஞ்சும்? மிஞ்சிய சிலவற்றையும் முன்பு குஞ்சு பிடிப்பவர்கள் அடியோடு சாய்த்தே குஞ்சை எடுத்தார்கள், ஒரு குஞ்சுக்காக அடுத்த அறுபது ஆண்டுக்கான வீடும் போனது. இந்தக் கதையில் டூக்கான் என்ற பெருமூக்குப் பறவை வகிக்கும் பாத்திரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மந்துவி விதைகளில் 83 வீதத்தைப் பரப்புவது டூக்கான் என்றும், ஹயசிந்த் மக்காவின் முட்டைகளில் வேட்டையாடப்படுவனவற்றில் பாதிக்கு மேல் தின்பதும் அதே டூக்கான் என்றும் ஓர் ஆய்வு கண்டது. வீட்டைக் கட்டிக்கொடுப்பவனே வீடு புகுந்து திருடுகிறான். அவனைத் துரத்தினாலும் நட்டம், விட்டாலும் நட்டம்.

மனிதன் செய்யும் பெட்டி அறுபது வயது மரம் தருவதில் எவற்றைத் தர வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகும். குளிர்ச்சி, இருட்டு, ஆழம், காய்ந்த தரை, கொத்திக் குதறுவதற்கு மரம். இந்த ஐந்தில் பட்டறைப் பெட்டி ஆழத்திலும் இருட்டிலும் குறைவைக்கவில்லை. பெரிய பெட்டி மூன்றடி உயரம், ஒன்றரை அடி அகலம். வாசல் மேற்பக்கத்தில் இருக்கிறது. உட்சுவரில் குஞ்சு ஏறி வருவதற்குக் குறுக்குச் சட்டங்கள் அடித்திருக்கிறார்கள், அவற்றை ஆணியால் அறையாமல் முளை வைத்து இறுக்கியிருப்பது நல்ல தச்சனின் கை என்று சொல்லும். சுவர்ப் பலகை ஓரங்குல மலைவேம்பு, மூட்டுக்களில் வெளிச்சம் ஊடுருவவில்லை. பக்கவாட்டில் உள்ளங்கையளவு சிறுகதவு ஒன்று பிணைச்சலுடன் உண்டு; பறவையைக் கலைக்காமல் உள்ளே பார்க்கவும் கழுவவும் அது உதவும். கூட்டுப் பெட்டி செய்பவர்கள் பலர் இதை மறந்துவிடுவார்கள்.

தரையில்தான் பிழைத்துவிட்டார்கள். சுவருக்கு மலைவேம்பு போட்டவர்கள் அடிப்பக்கத்துக்கு ஒட்டுப்பலகை போட்டிருக்கிறார்கள். நீர் வடிய ஒரு துளையும் இல்லை. முதல் மாரி முடிந்து மார்கழியில் இறக்கிப் பார்த்தபோது ஒட்டுப்பலகை ஊதி, அப்பளம் போல் அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தது. கம்பிக் கூட்டுக்குள், கூரையின்கீழ் வைக்கும் பெட்டிக்கு அது போதும். வாடைக்காற்றோடு சரிந்து அடிக்கும் வன்னி மழைக்குப் போதாது. பந்தனாலில் பெட்டி கட்டுவதோடு நிற்காமல் இயற்கைப் பொந்துகளையும் திருத்துகிறார்கள்: வெள்ளம் நிற்கும் பொந்தின் அடியை உயர்த்துவார்கள், வடிதுளை போடுவார்கள், அளவுக்கு மீறி அகன்ற வாயைப் பலகையால் ஒடுக்குவார்கள். நான் ஒட்டுப்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, விழுந்த பனையிலிருந்தே பிளந்த சிலாகைகளை நெருக்கி அடித்து, ஐந்து துளைகள் போட்டேன். அதற்குப் பிறகு தரை பற்றிய கவலை இல்லை.

பெட்டியோடு இலவசமாக ஒரு பை மரத்தூள் தருகிறார்கள். தயவுசெய்து அதை அப்படியே போடாதீர்கள். பட்டறையில் கூட்டி அள்ளிய தூள் அது. ஒட்டுப்பலகையின் பசை நெடியும் வார்னிஷ் நெடியும் அதில் இருந்தன. ஹயசிந்த் மக்காவ் பொந்தின் உட்சுவரைத் தானே அலகால் செதுக்கித் தூளாக்கி, அதன்மேல்தான் முட்டையிடும். நமது பச்சைக்கிளிக்கும் அந்தப் பழக்கம் உண்டு. உக்கிய பனையின் உள்நாரை வெயிலில் காயவைத்து நான்கு விரற்கடை உயரத்துக்குப் போட்டேன். கிளிகள் இரண்டே நாளில் அதை இன்னும் நொறுக்கிப் பொடியாக்கிவிட்டன. வார்னிஷ் பூசாத பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்டால் பூசாமலே தருகிறார்கள்.

பெட்டிகளை ஏற்றியவர் எங்கள் பகுதிச் சீவல்தொழிலாளி ஒருவர். தளைநாரோடு ஏறி, உயிருள்ள பனைகளில் பதினைந்து, இருபதடி உயரத்தில், மரத்தில் ஆணி இறக்காமல் கட்டுக்கம்பியால் பிணைத்தார். எந்தத் திசையைப் பார்த்து வாசல் இருக்க வேண்டும் என்று பட்டறையில் யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஒரு சிறிய பெட்டி மேற்குப் பார்த்து அமைந்துவிட்டது. பங்குனி மாத மாலை வெயில் நேரே வாசலுக்குள் இறங்கியபோது, இறகு முழுதாய் முளைக்காத இரண்டு குஞ்சுகள் வாசலோரம் ஏறி வந்து, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஓலையொன்றைச் சாய்த்துக் கட்டி நிழல் கொடுத்தோம், அடுத்த பருவத்துக்கு முன் வடகிழக்குப் பக்கம் திருப்பிவிட்டோம். காற்றோட்டத்துக்கு மேல்விளிம்பில் ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தால் இவ்வளவு வேகியிருக்காது. இந்தக் குறையைச் சொன்னபோது பட்டறைத் தம்பி குறித்துக்கொண்டார். இப்போது செய்பவற்றில் அந்த இடைவெளியை விடுகிறார் என்று பிறகு வாங்கிய உறவினர் ஒருவர் சொன்னார்.

முதற்பருவத்தில் ஒரு சிறிய பெட்டியை மைனாக்கள் பிடித்துக்கொண்டன. மற்றையதில் பச்சைக்கிளி நான்கு முட்டை இட்டு மூன்று குஞ்சுகளைப் பறக்கவிட்டது, வெயிலில் தவித்தவை அவற்றில் இரண்டுதான். இரண்டாம் பருவத்தில் இரண்டு சிறிய பெட்டிகளிலும் கிளிகள் குடிவந்தன. ஒன்றை ஒரே இரவில் சாரைப்பாம்பு காலி செய்தது. அதன்பின் பனையைச் சுற்றி ஆளுயரத்தில் இரண்டடி அகலத் தகரம் சுற்றினேன். பந்தனாலிலும் கூட்டு மரங்களுக்கு உலோகத் தகடு சுற்றித்தான் மரமேறும் விலங்குகளைத் தடுக்கிறார்கள். பெட்டியோடு ஒரு துண்டுத் தகரத்தையும் சேர்த்து விற்றால் பட்டறைக்கும் இலாபம், கிளிக்கும் இலாபம்.

பெரிய பெட்டியின் கதை வேறு. மக்காவுக்கென வெட்டிய அதன் வாசலுக்குள் என் கை முழங்கை வரை தாராளமாகப் போகும். பச்சைக்கிளியைவிடப் பெரிய, தோளில் செம்மறு கொண்ட பெரிய பச்சைக்கிளி எப்போதாவது எங்கள் பக்கம் வருவதுண்டு. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கும் அதற்காகவே அதை வாங்கினேன். அது எட்டியும் பார்க்கவில்லை. முதல் ஆண்டு பொந்துத் தேனீ கூடு வைத்தது. இதில் எனக்கு வியப்பு இல்லை. பிரேசிலில் ஆபிரிக்கக் கலப்புத் தேனீக்கள் பொந்துகளையும் பெட்டிகளையும் பிடித்துக்கொண்டு மக்காவ்களை வெளியே நிறுத்துவது நீண்டகாலச் சிக்கல். இரண்டாம் ஆண்டு நத்து எனும் ஆந்தைச் சோடி ஒன்று வந்தது. மாலையில் வாசலில் சாம்பல் நிற மரப்பட்டை போல ஒன்று ஒட்டியிருக்கும். அருகே போனால் அந்தப் பட்டையில் இரண்டு கண்கள் திறக்கும்.

மக்காவ் என்ற சொல்லுக்கு உண்மையாகவே நெருங்கிய உறவு நம் காணிகளுக்கு இருக்குமானால், அது பந்தனாலோடு அல்ல, பொலிவியாவின் பெனி மாநிலத்தோடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே நீலக்கழுத்து மக்காவ் என்ற இனம், மாரியில் வெள்ளம் பரவும் புல்வெளிகளுக்கு நடுவே தீவு தீவாக நிற்கும் பனையின மரக் கூட்டங்களில் வாழ்கிறது. மொத்தக்கூ என்ற அந்தப் பனையின மரத்தின் பழம் அதற்கு உணவு. தலைபோய்ச் செத்து நிற்கும் மொத்தக்கூவின் குழாய் அதற்குக் கூடு. காட்டில் இல்லாமலே போய்விட்டதோ என்று அஞ்சப்பட்ட இந்த இனம் 1992 இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இன்று காட்டில் சில நூறு மட்டுமே. புல் துளிர்க்க ஆண்டுதோறும் தீ வைப்பதாலும் மாடு மேய்வதாலும் இளங்கன்றுகள் எழும்பாமல் போக, முதிர்ந்தவை விழுந்தால் அந்த இடத்துக்கு அடுத்தது வருவதில்லை. நல்ல பொந்து கிடைத்தாலும் தன்னைவிட எண்ணிக்கையில் கூடிய நீல-மஞ்சள் மக்காவோடு அதற்காகப் போட்டியிட வேண்டும். அங்கே ஆர்மோனியா என்ற அமைப்பு பண்ணை நிலங்களில் பெட்டிகள் கட்டியதும், 2008 இல் பார்பா அசுல் என்ற காப்பகத்தை உருவாக்கியதும் இதனால்தான். திருவிழா நடனத்தில் தலைக்கட்டுக்கு மக்காவ் இறகு வைக்கும் வழக்கமுள்ள ஊர்களில், அதே வடிவில் செயற்கை இறகு செய்யப் பழக்கினார்கள் என்பதும் எனக்குப் பிடித்த செய்தி. நடனம் நிற்கவில்லை, இறகுக்காகக் கொல்வது குறைந்தது.

செத்த பனைக்குள் கிளி, அந்தப் பனை விழுந்தால் பெட்டி. வரிசை ஒன்றேதான். ஆனால் பெட்டியால் எட்டாத இடமும் உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் காட்டிங்கா என்ற முட்காடு இருக்கிறது. மழைக்காடு அல்ல, ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நிலம். அங்கே பருவ ஆற்றோரங்களில் நின்ற கரைபெய்ரா மரப் பொந்துகளை நம்பி வாழ்ந்தது ஸ்பிக்ஸ் மக்காவ். ஆற்றோர மரம் வெட்டப்பட்டது, முளைத்த கன்றை ஆடு தின்றது, மிஞ்சிய பறவையை வியாபாரி பிடித்தான். 1990 இல் ஒரே ஒரு ஆண் பறவை காட்டில் தனித்திருப்பது தெரிந்தது. தன் இனத்துப் பேடு கிடைக்காமல் வேறினப் பேடொன்றோடு சோடி சேர்ந்து சுற்றிய அது, 2000 இற்குப் பிறகு காணப்படவில்லை. 2019 இல் அந்த இனம் காட்டில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கூண்டுகளில் பிழைத்திருந்தவற்றின் வழித்தோன்றல்கள் 52, 2020 மார்ச்சில் ஜேர்மனியிலிருந்து காட்டிங்காவிலுள்ள குராசா என்ற ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 இல் முதல் எட்டுப் பறவைகள் திறந்துவிடப்பட்டன. மரமும் ஆற்றோரமும் இல்லாமல் போனபின் ஒரு கிளியைத் திரும்பக் கொண்டுவர இரண்டு கண்டங்களும் இருபது ஆண்டுகளும் தேவைப்பட்டன.

இதனால், வேலி ஓரத்து மொட்டைப் பனையை வெட்டிவிட்டு ஈடாக ஒரு பெட்டி கட்டலாம் என்ற எண்ணத்தில் இதை வாங்க நினைப்பவர்களுக்கு நான் பெட்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டின்மேல் விழும் தூரத்தில் நிற்பதை வெட்டுவதில் தவறில்லை. பற்றைக்குள் யாருக்கும் இடையூறில்லாமல் நிற்பதை ஏன் வெட்ட வேண்டும்? பெட்டி நல்ல பராமரிப்பில் எட்டு, பத்து ஆண்டு உழைக்கலாம், என் பனைகள் அதைவிடக் கூடுதலாக நின்றுவிட்டன. காட்டோரத்தில் காணி உள்ளவர்களுக்கு, பொந்து விழுந்த முதிய பாலையும் வீரையும் எந்தப் பெட்டியையும்விட மேல்.

கூண்டில் மக்காவ் வளர்ப்பதற்காக இந்தப் பெட்டியை வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஐம்பது ஆண்டு வாழக்கூடிய, மைல் கணக்கில் பறக்கிற, ஊரே கேட்கக் கத்துகிற பறவை அது. சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் கொழுப்பேறி, சத்துக் குறைந்து, தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். பட்டறையில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளர் தன் நீல-மஞ்சள் மக்காவைக் கைபேசியில் காட்டினார்; நெஞ்சில் சோளப்பொத்தி உரித்தாற்போல வெறுந்தோல். பெட்டி வைத்தால் சரியாகிவிடுமா என்று அவர் தச்சனிடம் கேட்டார். தச்சனுக்கு விடை தெரியவில்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை.

மொத்தத்தில் சிறிய பெட்டி, அடிப்பலகையை மாற்றச் சொல்லி, வார்னிஷ் வேண்டாம் என்று சொல்லி வாங்கினால், கொடுக்கும் 4,500 ரூபாய்க்குத் தகுதியானது. பெரியதன் வாசலை உள்ளங்கையளவுக்கு ஒடுக்கித் தருமாறு கேளுங்கள். மேலதிகக் காசு கேட்கமாட்டார்கள். பிணைச்சல் துருவேறுகிறது, பித்தளைப் பிணைச்சல் போட்டால் இன்னும் 300 ரூபாய் கூடும், கூடட்டும். ஓடர் கொடுத்தால் மூன்று கிழமை என்பார்கள், ஐந்து கிழமை ஆகும். ஐப்பசிக்குள் ஏற்ற வேண்டுமானால் ஆவணியிலேயே சொல்லிவைப்பது நல்லது.

உத்தரவாதத்தைச் சோதித்துப் பார்க்கப் போன மாதம் பட்டறைக்குப் போனேன். பெரிய பெட்டிக்குள் இரண்டு ஆண்டாகக் கிளி வரவில்லை, காசைத் தாரும் தம்பி என்றேன். பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டார். உள்ளே நத்து முட்டையிட்டிருக்கிறது, எப்படி இறக்குவது என்றேன். சற்று நேரம் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், “அப்ப பெட்டி வேலை செய்யுதுதானே ஐயா” என்றார்.